ராடார் வேண்டாம் என்று நான் எழுதிய மனு

எங்கள் தோட்டத்து மேட்டை அளக்க ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி முதலில் என் மேசைக்குத்தான் வந்தது. நான் தோட்ட ஆபிஸில் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். ஆபிஸுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் முதலில் பிரிப்பவள் நான்தான். ஆறு பேர், மூன்று நாள், மேடு இருக்கும் இருபத்துமூன்றாம் பீல்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தது. நோக்கம் என்ற இடத்தில் 'தொடர்பு வசதி ஆய்வு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். மேனேஜர் படித்துவிட்டு, சரி என்று பதில் அடித்துவிடச் சொன்னார். அடித்தேன். கைபேசிக் கோபுரம் வரப்போகிறது, இனிமேல் வீட்டுக்குள்ளே லைன் கிடைக்கும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ரந்தாவிலிருந்து லிங்கிக்குப் போகும் பாதையில் உள்ளே திரும்பினால் எங்கள் தோட்டம். அப்பா காலத்தில் ரப்பர் பால் மரம் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய்ச் செம்பனை. குலை அறுப்பவர்கள் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். எங்கள் தமிழ் ஆட்களில் பலரும் சிரம்பான் டவுன் பக்கம் போய்விட்டார்கள். மிஞ்சிய முப்பது குடும்பங்கள் மேட்டடியில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் இருக்கிறோம். என் வீடு கடைசி வரிசையில். பின்வாசலைத் திறந்தால் மேடுதான் தெரியும். மேட்டின் உச்சிக்குப் போனால் போர்ட் டிக்சன் கடல் தெரியும்.

அந்த மாதம் பத்திரிகையில் வேறொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. நட்பு நாடு ஒன்று, தூரத்திலிருந்து வரும் ஏவுகணைகளை வானத்திலேயே அடித்து வீழ்த்தும் ஏற்பாடு ஒன்றைப் பல நாடுகளைச் சேர்த்துக்கொண்டு செய்கிறது, அதில் நம் நாடும் சேரலாமா வேண்டாமா என்று நாடாளுமன்றத்தில் பேசினார்கள். சேர்ந்தால் பாதுகாப்பு என்றது ஒரு பக்கம். யார் சண்டையிலும் நாம் நின்றதில்லை, இப்போது எதற்கு என்றது இன்னொரு பக்கம். நான் தலைப்பைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அளக்க வந்தவர்களில் ஒரு பையன் கேன்டீனில் தே தாரிக் குடிக்கும்போது சொல்லிவிட்டான். கோபுரம் இல்லையாம். ராடாராம். கடலுக்கு மேலே வெகுதூரத்தில் வருவதை இங்கிருந்தே பார்க்கிற ராடார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, நாலைந்து இடம் பார்க்கிறார்கள், அதில் இது ஒன்று. சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

முதலில் பாதிப் பேருக்குச் சந்தோஷம்தான். ரோட்டுக்குத் தார் போடுவார்கள், தெருவிளக்கு வரும் என்றார்கள். மறுநாள் யாரோ, "லைன் வீட்டையெல்லாம் ஒடைச்சிடுவாங்களாம்லா" என்றதும் பேச்சு திரும்பிவிட்டது. அதற்கு மறுநாள், சண்டை வந்தால் முதல் குண்டு ராடார் மேலேதான் விழும் என்று ஒரு காணொளி எல்லார் கைபேசிக்கும் வந்தது. அதற்குப் பிறகு யாரும் தெருவிளக்கைப் பற்றிப் பேசவில்லை.

இந்த விஷயம் தெரிந்தவர் என்று எங்கள் லைனில் ஒருவர்தான் இருந்தார். எல்லாரும் அவரைச் சார்ஜன் என்றுதான் கூப்பிடுவோம். இதே லைனில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, விமானங்களைச் சுடும் பீரங்கிப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாள். என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, வாசலில் பழைய சாய வாளிகளில் மிளகாய்ச் செடி வளர்த்துக்கொண்டு இருந்தார். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார்.

"அந்தக் காணொளியில சொல்றது உண்மையாண்ணே?" என்று கேட்டேன்.

"உண்மைதான். எதிரி முதல்ல கண்ணத்தான் குத்துவான்."

"அப்ப இது வேண்டாம்தானே?"

"தங்கச்சி, நான் பீரங்கிக்குப் பின்னாடி நின்னவன். அது பிளேன அடிக்கும். இப்ப வர்றதெல்லாம் பிளேன் இல்ல. பத்து நிமிஷத்துல வந்து விழுந்துடும். வருதுன்னு தெரிஞ்சாத்தானே ஓடவாவது முடியும்? நமக்குத் தெரியவே தெரியாது. நாம யார் பக்கமும் இல்லன்னு அந்த ராக்கெட்டுக்கிட்ட போய் யார் சொல்றது?"

"நம்ம மேல யாருண்ணே சுடப்போறா?"

"நாம கப்பல் போற பாதையில உட்கார்ந்திருக்கோம். சண்டைக்காரன் நம்மகிட்ட கேட்டுட்டா வருவான்?"

அவர் சொன்னதில் தப்பு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ராத்திரி கதவைச் சாத்தும்போது மேட்டைப் பார்த்தேன். வேண்டாம் என்றுதான் தோன்றியது.

இந்தச் சமயத்தில்தான் என் தம்பி ஊருக்கு வந்தான். வளைகுடா நாடு ஒன்றில் ஒன்பது வருஷமாக இருக்கிறான். பெரிய கட்டடங்களில் குளிரூட்டும் ஏர்கோன் பராமரிப்பு வேலை. அவன் இருக்கும் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் வேறொரு நாட்டின் விமானத் தளம் ஒன்று இருந்தது. அவன் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு அதைக் குறிவைத்து ஏவுகணைகள் விட்டார்கள் என்று செய்தியில் பார்த்து அலறிப்போய்ப் போன் போட்டேன். "எல்லாத்தையும் மேலேயே அடிச்சிட்டாங்கக்கா. ஒண்ணும் இல்ல" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் நம்பிவிட்டேன்.

வந்து இறங்கியபோது ஆள் மெலிந்திருந்தான். கேட்டதற்கு வெயில் என்றான். கல்யாணம் ஆகாதவன், வந்தால் என் வீட்டில்தான் தங்குவான். என் கணவர் சிலாங்கூர் பக்கம் லாரி ஓட்டுகிறவர், வாரம் ஒருமுறைதான் வருவார். அதனால் வீட்டில் பெரும்பாலும் நானும் அவனும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோழிக்கறி ஆக்கியிருந்தேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பின்பக்கம் மேட்டில், இரண்டாம் முறை வந்திருந்த அளப்பவர்கள் டிரோன் ஒன்றைக் கிளப்பினார்கள். செம்பனைக்கு மருந்தடிக்க எங்கள் தோட்டத்திலேயே டிரோன் உண்டு, அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். தம்பி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். ஓடவில்லை. நடந்து போய்க் குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். கை கழுவப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"டிரோன்டா தம்பி. படம் எடுக்கிறாங்க."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா வெளிய வா."

"சத்தம் நிக்கட்டும்க்கா, வர்றேன்."

சத்தம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தவன் கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனாகத்தான் ஆரம்பித்தான்.

அங்கே அறையில் அவனோடு ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். இவனை விடப் பத்து வயது மூத்தவர். இரண்டு பேரும் சேர்ந்துதான் சமைப்பார்கள். இவன் வெங்காயம் உரிப்பான், அவர் குழம்பு வைப்பார். இவன் தமிழைக் கேட்டு, "நீ பேசறது தமிழா, மலாயா?" என்று கிண்டல் செய்வாராம். அன்று வார விடுமுறை. காலை ஒன்பது மணி இருக்கும். துவைத்த துணியைக் காயப்போட அவர் மொட்டை மாடிக்குப் போயிருந்தார். எல்லார் கைபேசியிலும் ஒரே நேரத்தில் அபாயச் சத்தம் அடித்தது. இவன் மாடிப்படியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டான்.

"வர்றேன், ரெண்டு சட்டைதான் இருக்குன்னார்க்கா."

பிறகு வானத்தில் வெடிச்சத்தம். மறிக்கும் ஏவுகணைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எதிர்க் கட்டடத்தில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒவ்வொன்றும் வெடிக்கும்போது இவனுக்கும் கைதட்டத் தோன்றியதாம். அப்புறம் மேலிருந்து இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு முறை.

"நான் மேல போனேன். தண்ணி டேங்க் ஒடஞ்சு தண்ணி ஓடுது. தண்ணியில சட்டை கெடக்கு. அவரு சுவத்தோரம் கெடந்தார். கார் கதவு அளவு இருக்கும் அந்தத் துண்டு. அது நம்மள சுட்டவனோடதா, நம்மள காப்பாத்தினவனோடதான்னு கூட யாருக்கும் தெரியல."

அன்று சாயங்காலச் செய்தியில் வந்த ஏவுகணைகள் எல்லாம் தடுக்கப்பட்டன, குறிப்பிடும்படியான சேதம் இல்லை என்று சொன்னார்களாம். அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் டிவியை அணைக்கவில்லை.

"இதை ஏண்டா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"மேட்டுல ராடார் வருதாம்னு சொன்னியேக்கா" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அதான் வேண்டாம்னு சொல்லப்போறோம். கூட்டம் இருக்கு. நீயும் வந்து சொல்லு."

"என்ன சொல்றது?"

"இப்ப சொன்னியே, அத."

கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில். குடியிருப்பாளர் குழுவுக்கு நான்தான் செயலாளர். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு இளம் மலாய் அதிகாரி வந்திருந்தார். மரியாதையான பிள்ளை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தன்னால் எதையும் முடிவு செய்ய முடியாது, மக்கள் சொல்வதைக் கேட்டு மேலே அனுப்பத்தான் வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சார்ஜன் மட்டும்தான் ஆதரித்துப் பேசினார். மலாயில் தொடங்கி, எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். என்னிடம் சொன்னதைத்தான் சொன்னார், கூடவே ஒன்று சொன்னார். "சேர்ந்தா நம்ம ஆளும் அந்த ராடார் முன்னால உட்காரணும். நம்ம நாட்டைக் கேக்காம பொத்தான அமுக்கக் கூடாது. இதை எழுதி வாங்கிட்டுச் சேரணும். எழுதிக் குடுக்க மாட்டேன்னா வேணாம்னு வந்துடணும்." பின்வரிசையில் யாரோ, "ஒனக்கு என்னய்யா, பென்ஷன் வருது, நாங்கல்ல சாவோம்" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. சார்ஜன் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் என் தம்பி எழுந்தான். படியில் உட்கார்ந்து சொன்ன அதே கதையைச் சொன்னான். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சட்டை தண்ணீரில் கிடந்ததைச் சொன்னபோது பெண்கள் பக்கம் அழுகை வந்துவிட்டது. அதோடு நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த மறிப்பு இல்லாம இருந்திருந்தா நான் இங்க நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டேன். எங்க கட்டடத்துல நானூறு பேர் இருக்கோம். அது வேலை செஞ்சுச்சு. அந்தத் தளமே அங்க இல்லாம இருந்திருந்தா எங்க மேல யாரும் சுட்டிருக்கவும் மாட்டாங்க. ரெண்டும் உண்மைதான். எதை முதல்ல சொல்றதுன்னு எனக்கே தெரியல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கைதட்டினார்கள். அவன் சொன்ன கடைசிப் பகுதி எத்தனை பேர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. என் தம்பி ராடாருக்கு எதிராகப் பேசிவிட்டான் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

அதிகாரி போகும்போது என்னிடம், மக்கள் பேசியதைச் சுருக்கி மலாயில் மனுவாக எழுதி ஒரு வாரத்துக்குள் கொடுங்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதும் அதில் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் ஆபிஸ் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதினேன். இத்தனை வருஷம் கடிதம் அடித்த கை. எந்த வரி படிப்பவரை நிறுத்தும், எந்த வரியைத் தாண்டிப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். ராமநாதபுரத்துக்காரர் செத்த கதையை நடுவில் வைத்தேன். அவர் துணி காயப்போடப் போனது, இரண்டு சட்டை என்று சொன்னது, எல்லாம் எழுதினேன். அடுத்து, 'அந்த மறிப்பு இல்லாவிட்டால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன்' என்ற வரிக்கு வந்தேன். அடித்தேன். படித்துப் பார்த்தேன். மேலே உட்கார்ந்திருப்பவர் இந்த வரியைத்தான் கோடு போட்டு வைத்துக்கொள்வார் என்று தோன்றியது. அழித்துவிட்டேன். 'தளம் இல்லாவிட்டால் யாரும் சுட்டிருக்க மாட்டார்கள்' என்பது மட்டும் நின்றது. சார்ஜன் பேசியதற்கு 'ஒருவர் நிபந்தனைகளுடன் ஆதரவு தெரிவித்தார்' என்று ஒரு வரி. பிறகு நிபந்தனைகளுடன் என்பதையும் எடுத்துவிட்டேன். நிபந்தனை என்று இருந்தால், அதை நிறைவேற்றுகிறோம் என்று பேச்சை வளர்ப்பார்களே.

நான் அப்போது தயங்கியதாக இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். தயங்கவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் வேகமாக அடித்தேன். இருபத்தொன்பது குடும்பம் கையெழுத்துப் போட்டது. யாரும் படித்துப் பார்க்கவில்லை, கிராணியம்மா எழுதினால் சரியாக இருக்கும் என்றார்கள். தம்பியும் படிக்காமல்தான் போட்டான். சார்ஜனிடம் மட்டும் நான் போகவில்லை. எதிர்ப்பு மனுவில் அவர் எதற்குக் கையெழுத்துப் போடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனு போய் ஒன்பதாம் நாள். ஆபிஸிலிருந்து வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் மனுவின் நகல் இருந்தது. ஏதோ விண்ணப்பப் பாரம் நிரப்ப என் அடையாள அட்டை எண் தேவைப்பட்டு, தம்பி என் கோப்பைத் திறந்திருக்கிறான்.

"ஏன்க்கா அத விட்டுட்ட?"

எதை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "பொய்யா எழுதலையே நான். நீ சொன்னதுதானே எல்லாம்?"

"நான் சொன்னதுல பாதி."

"அந்தப் பாதிய போட்டா ராடார் வந்துடும்டா. அந்த மேட்டுக்கு அடியில நான்தானே படுத்துத் தூங்கணும்?"

"அதுக்கு நீ உன் பேர்ல எழுதியிருக்கணும். எனக்கு ராடார் வேணாம், நான் பயப்படுறேன்னு எழுதியிருந்தா நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. செத்துப்போனவர வச்சு எழுதிட்டியே." பிறகு மெதுவாகச் சொன்னான். "அங்க செய்தியிலயும் இப்படித்தான் எழுதினாங்கக்கா. அவங்க செத்தவர விட்டுட்டாங்க. நீ பொழச்சவன விட்டுட்ட."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நான் அடுப்படிக்குப் போய் அரிசியைக் களைய ஆரம்பித்தேன். இரண்டு தரம் களைந்ததை மறுபடியும் களைந்துகொண்டிருந்தேன். அன்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கெடுத்துவிட்டு, ஆபிஸுக்குத் திரும்பாமல் நேரே சார்ஜன் வீட்டுக்குப் போனேன். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நகலை நீட்டினேன். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, வாசலிலேயே நின்று முழுக்கப் படித்தார்.

"ஒருவர் ஆதரவு தெரிவித்தார். அந்த ஒருவர் நான்தானே?"

"ஆமாண்ணே."

"எதுக்கு ஆதரிச்சேன்னு இல்லையே தங்கச்சி. எழுதி வாங்கணும்னு சொன்னேனே."

"எடுத்துட்டேண்ணே. வேணும்னுதான் எடுத்தேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "பின்வரிசையில சிரிச்சாங்களே, அதுகூட எனக்குப் பெருசாத் தெரியல" என்றார். நான் அழுதுவிட்டேன். ஐம்பத்துநான்கு வயதில், காலை ஏழு மணிக்கு, ஆபிஸ் உடுப்பில்.

அன்று சாயங்காலமே, இந்த முறை முழுசாக எழுதுகிறேன் வா என்று தம்பியையும் கூப்பிட்டு, இரண்டாவது மனுவை எழுத உட்கார்ந்தோம். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான், தம்பி, சார்ஜன். மூன்று சாயங்காலம் பிடித்தது. அந்த மூன்று நாளும் அவர்கள் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள்.

"குடையப் பிடிச்சாத்தானே நனையாம இருக்கலாம்?" என்பார் சார்ஜன்.

"அந்தக் குடையப் பார்த்துத்தான் மழையே வருதுண்ணே" என்பான் தம்பி.

"அப்ப குடை இல்லாத ஊர்ல எவனும் குண்டு போட்டதே இல்லையா?"

இன்னொரு நாள் தம்பி, "நட்பு நாட்டோட ஆட்சி மாறி, அவன் புதுசா ஒரு சண்டைய ஆரம்பிச்சா? நம்ம மேடு அவன் சண்டைக்குள்ள போயிடுமே" என்று கேட்டான். சார்ஜன் தாடையைத் தடவினார். "அதுக்குத்தான் எழுதி வாங்கணும்கிறேன். ஆனா எழுதினதைக் காப்பாத்துவானான்னு கேட்டா, எனக்குத் தெரியாது தம்பி" என்றார். அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன். இந்த முறை என் கருத்து என்று தனியாக ஒரு பத்தி போட்டு, எனக்கு ராடார் வேண்டாம், காரணம் என் பயம், முதல் மனுவில் இன்னின்ன வரிகளை நானாக நீக்கினேன், அது தவறு என்று எழுதினேன். இருந்ததிலேயே எழுதக் கஷ்டமாக இருந்தது அந்தப் பத்திதான்.

கையெழுத்துக்கு வீடு வீடாகப் போய் இந்த முறை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் போடவில்லை. "வேணாம்னு எழுதிட்டு இப்ப நீயே அவங்களுக்கு வழி காட்டுறியே கிராணியம்மா?" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி, இருபது வருஷமாக என்னோடு ஒரே காரில் காய்கறி வாங்கப் பாசாருக்கு வருகிறவள், கதவிலேயே நின்று கேட்டுவிட்டு, "எங்க வீடு போச்சுன்னா ஒன்ன சும்மா விடமாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். பதினொரு கையெழுத்து கிடைத்தது.

நானும் சார்ஜனும் அதை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அதே இளம் அதிகாரி. முழுக்கப் படித்தார். என் பத்தி வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார். முதல் மனு மேலே போய்விட்டது, இதையும் அனுப்பிவைக்கிறேன், இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். முத்திரை குத்தி ஒரு நகலைக் கொடுத்தார். இறங்கும்போது, "என் மாமா வீடும் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் கம்போங் கிராமத்தில்தான் இருக்கிறது" என்றார். அவர் என்ன நினைக்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் லுக்குட்டில் மாமாக் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நிறுத்தினோம். சார்ஜன் ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

"தங்கச்சி, இப்ப நாட்டையே உன் கையில குடுத்து, சேரலாமா வேணாமான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"வேணாம்னுதாண்ணே."

"நான் வேணும்னுதான் சொல்லுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பணியில இருந்தப்ப ஒருநாள் பயிற்சியில வானத்துல புள்ளி ஒண்ணு வந்துச்சு. சுடச் சொல்லி உத்தரவு. சுடுறதுக்குள்ள நிறுத்துன்னு இன்னொரு உத்தரவு. பயணிங்க இருந்த பிளேன். அத நான் கூட்டத்துல சொல்லியிருக்கணும். சொல்லல. சொன்னா என் கட்சி எடுபடாதுன்னு நெனச்சேன். நானும் ஒன்ன மாதிரிதான்."

அவர் தட்டில் பருப்புக் குழம்பைக் கொஞ்சம் ஊற்றி, ஆறிப்போகுது சாப்பிடுங்கண்ணே என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் தம்பி கிளம்பினான். போகாதே, இங்கேயே சிரம்பானில் ஏர்கோன் வேலை கிடைக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். "அவரு பெட்டி இன்னும் ரூம்லதான்க்கா இருக்கு. வீட்டுக்கு அனுப்ப ஒரு ஆள் வேணும்ல" என்றான். அது முடிந்ததும் வந்துவிடுவாயா என்றதற்குப் பார்க்கலாம் என்றான். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

இன்றுவரை ராடார் வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை. நாடாளுமன்றத்தில் கேட்கும்போதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரி தன் மருமகனோடு பாசாருக்குப் போகிறாள். இப்போதெல்லாம் நான் தலைப்பைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை. சேரலாம் என்கிறவர் எழுதினாலும் வேண்டாம் என்கிறவர் எழுதினாலும், இவர் எந்த வரியை எடுத்துவிட்டிருப்பார் என்றுதான் என் கண் தேடுகிறது.

தம்பி இருக்கும் பக்கம் ஏதாவது செய்தி வந்தால் ஆபிஸிலிருந்தே போன் போடுவேன். தடுத்துவிட்டார்களா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். எங்கே விழுந்தது என்று கேட்கிறேன். "பார்த்துட்டுச் சொல்றேன்க்கா" என்று வைத்துவிடுவான். மறுபடி அவன் கூப்பிட ஒரு மணி நேரம் ஆகும், சில சமயம் இரண்டு மணி நேரம். அதுவரை யார் வந்து எந்தக் கடிதத்தை அடிக்கச் சொன்னாலும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.